நெளிகோட்டின் கீழ் மூன்று ஜி: வாசகர் கேள்வி பதில்

அயர்லாந்தின் மரபு நடன இசையை ஏட்டைப் பார்த்துப் பழகும் வாசகர்கள் அண்மையில் எழுதிய கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் முட்டி நிற்கின்றன. ஸ்வரங்களின் மேலும் முன்னும் இடப்படும் சிறு அடையாளங்களை எப்படி வாசிப்பது என்பதே அந்த இடம். தனித்தனியே பதில் எழுதுவதைவிட, ஒன்றோடொன்று தொடர்புடைய கடிதங்களைச் சேர்த்து இந்த இதழின் பக்கங்களை முழுவதும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: டின் விசில் (ஆறு துளைகள் கொண்ட சிறு குழல்) பழகத் தொடங்கி ஆறு மாதங்கள் ஆகின்றன. ‘த கெஷ்’ என்ற ஜிக் மெட்டின் மூன்று பிரதிகள் என்னிடம் இருக்கின்றன. ஒன்றில் முதல் ஸ்வரமான ஜி-யின் மேல் ஒரு நெளிகோடு இருக்கிறது. இன்னொன்றில் அதே இடத்தில் ஜி, ஏ, ஜி, எஃப் ஷார்ப், ஜி என்று ஐந்து ஸ்வரங்கள் இருக்கின்றன. மூன்றாவதில் எந்த அடையாளமும் இல்லை. நீண்ட ஜி மட்டுமே இருக்கிறது. எது சரியான பிரதி? ஐந்து ஸ்வரங்களையும் வாசித்தால் தாளம் தடுமாறுகிறது.
— ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: மூன்று பிரதிகளும் ஒரே மெட்டைத்தான் சொல்கின்றன, எழுதியவர்கள் எவ்வளவு எழுத வேண்டும் என்று நினைத்தார்கள் என்பதில்தான் வேறுபாடு. ஜிக் என்பது 6/8 தாளத்தில் அமைந்த நடன மெட்டு. ஒரு பட்டையில் (ஒரு தாளச் சுற்றில்) ஆறு குவேவர்கள் (எட்டில் ஒரு பங்கு நீளமுள்ள ஸ்வரங்கள்) மூன்று மூன்றாக இரு குழுக்களாய் நிற்கும். ‘த கெஷ்’ஷின் முதல் ஜி அவற்றுள் முதல் குழு முழுவதையும், அதாவது மூன்று குவேவர் நேரத்தை, தனியே எடுத்துக்கொள்கிறது. அவ்வளவு நேரம் ஒரு ஸ்வரம் அசையாமல் நின்றால் ஆடுபவரின் காலுக்குத் தாளம் கிடைக்காது என்பதால், வாசிப்பவர் அந்த ஜி-யை மூன்றாகத் துண்டாக்கிக் காட்டுகிறார். அப்படித் துண்டாக்கும் முறைகளுள் மிகவும் பரவியதற்கு ‘ரோல்’ என்று பெயர். நெளிகோடு அந்த ரோலைக் குறிக்கிறது. ஐந்து ஸ்வரங்களாக எழுதியவர் அதையே விரித்து எழுத முயன்றிருக்கிறார். எதுவும் எழுதாதவர், வாசிப்பவருக்கு அது தெரியும் என்று விட்டுவிட்டார்.

உங்கள் தாளம் தடுமாறுவதற்குக் காரணம் இரண்டாவது பிரதியின் எழுத்துமுறை. ஐந்து ஸ்வரங்களை வரிசையாகப் பார்க்கும் கண், ஐந்துக்கும் ஒத்த மதிப்பைக் கொடுத்துவிடுகிறது. உண்மையில் ரோலில் ஒலிக்கும் ஸ்வரம் ஒன்றே. ஜி மூன்று முறை ஒலிக்கிறது, ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு குவேவர் நேரம். முதல் ஜி-க்கும் இரண்டாம் ஜி-க்கும் இடையில் வருவது ‘கட்’. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையில் வருவது ‘டாப்’ (சில ஆசிரியர்கள் இதை ‘ஸ்ட்ரைக்’ என்பார்கள்). கட் என்பது மேலே மூடியிருக்கும் ஒரு விரலை நொடிப்பொழுது தூக்கி உடனே வைப்பது. டாப் என்பது கீழே திறந்திருக்கும் ஒரு துளையை விரலால் தட்டி, பட்டவுடன் எடுத்துவிடுவது. ஜி-யை வாசிக்கும்போது இடக்கையின் மூன்று விரல்கள் துளைகளை மூடியிருக்கும். இடக்கை மோதிர விரலைத் துள்ள விட்டால் கட், வலக்கை ஆள்காட்டி விரலால் தட்டினால் டாப். இந்த இரண்டு அசைவுகளும் சரியாக அமைந்தால், காதுக்கு ஏ-யும் கேட்காது, எஃப் ஷார்ப்பும் கேட்காது. ஜி-யின் மேல் விழுந்த இரண்டு சிறு வெட்டுகள் மட்டும் கேட்கும். ஆகவே ஏட்டில் அந்த இடத்தில் எழுதப்பட்ட ஏ-யை ஒரு ஸ்வரமாக அல்ல, எந்த விரல் அசைய வேண்டும் என்ற சொல்லாகப் படியுங்கள்.

பழகுவதற்கு நம் தாளச் சொற்கள் நன்றாக உதவுகின்றன. முதலில் கட்டும் டாப்பும் இல்லாமல், நாக்கால் மட்டும் பிரித்து, மூன்று ஜி-க்களை ‘தகிட’ என்ற நடையில் சமமாக வாசியுங்கள். பிறகு ‘கி’ விழும் இடத்தில் நாக்குக்குப் பதிலாகக் கட், ‘ட’ விழும் இடத்தில் டாப் என்று மாற்றுங்கள். கட்டும் டாப்பும் தாளத்துக்கு முன்னால் வந்து நிற்கக் கூடாது. அவை விழும் கணமே அந்த எழுத்து தொடங்கும் கணம். நானும் தொடக்கத்தில் பல மாதங்கள் ஐந்து ஸ்வரங்களாகவே வாசித்துக்கொண்டிருந்தேன். வேகத்தைக் கூட்டினால் சரியாகிவிடும் என்று நம்பியது என் பிழை. பாதி வேகத்திலும் கட் நொடிப்பொழுதில்தான் முடிய வேண்டும். மெட்டு மெதுவாகலாம், விரல் மெதுவாகக் கூடாது.

இந்த விரல் வித்தை ஏன் பிறந்தது என்று தெரிந்தால் குறியீடும் எளிதில் பிடிபடும். பைப்ஸ் வகைக் கருவிகளில் காற்று பையிலிருந்து வருகிறது. வாசிப்பவரின் நாக்குக்கு அங்கே வேலை இல்லை. ஒரே ஸ்வரம் இரண்டு முறை வர வேண்டுமென்றால், இடையில் விரலால் ஏதாவது செய்துதான் அதைப் பிரிக்க வேண்டும். அயர்லாந்தின் இல்லன் பைப்ஸில் துளைகளை எல்லாம் அடைத்து, குழலின் அடியை முழங்காலின் மேல் அழுத்தி ஒலியை நிறுத்தவும் வழி உண்டு. ஆனாலும் கட்டும் டாப்பும் அதன் இயல்பான பேச்சு. மரப் புல்லாங்குழலும் டின் விசிலும் வாயால் ஊதப்படுபவை, நாக்கால் பிரிக்க முடிந்தவை; இருந்தும் பைப்ஸின் அந்தப் பேச்சையே தமதாக்கிக்கொண்டன.

கேள்வி: அதே நெளிகோடு ரீல் என்ற மற்றொரு வகை நடன மெட்டுகளில் மூன்று குவேவர் ஸ்வரத்தின் மேலும் வருகிறது, இரண்டு குவேவர் மட்டுமே உள்ள ஸ்வரத்தின் மேலும் வருகிறது. இரண்டும் ஒன்றா?
— ஒரு வாசகர், திருச்சிராப்பள்ளி

பதில்: ஒன்றல்ல. முன்னது நீள் ரோல், பின்னது குறு ரோல். குறு ரோலில் வெறுமையாய் ஒலிக்கும் முதல் ஸ்வரத்துக்கு இடமில்லை. கட்டுடனேயே தொடங்கி, டாப்புடன் இரண்டாவது ஸ்வரத்தை எடுத்து முடித்துவிட வேண்டும். அடையாளம் ஒன்றே என்பதால், அதன் கீழே உள்ள ஸ்வரத்தின் நீளத்தைப் பார்த்தே எது என்று முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. குறு ரோல் விரலுக்குக் கடினமானது. நீள் ரோல் நன்றாக அமையும்வரை, அந்த இடங்களில் ஒரு கட் மட்டும் வைத்து வாசித்தால் எந்தக் குறையும் இல்லை.

கேள்வி: நான் மேற்கத்திய முறையில் வயலின் படித்து, தேர்வுகளும் எழுதியிருக்கிறேன். பழைய அயர்லாந்து ஏடு ஒன்றில் ‘டிஆர்’ என்ற எழுத்துகளும், படுத்த எஸ் போன்ற ‘டர்ன்’ அடையாளமும் இருக்கின்றன. என் ஆசிரியர் கற்பித்தபடி வாசித்தேன். ஒலிப்பதிவில் கேட்பதோடு அது ஒட்டவே இல்லை. அச்சுப் பிழையா?
— ஒரு வாசகர், சென்னை

பதில்: அச்சுப் பிழையன்று, கடன் வாங்கிய அடையாளங்களால் வந்த குழப்பம். அயர்லாந்து இசை காதுவழி வளர்ந்தது. அதை எழுத முற்பட்டவர்களுக்குக் கையில் கிடைத்தவை மேற்கத்திய அரங்க இசையின் அடையாளங்களே. அந்த இசையில் ‘டிஆர்’ என்றால் ட்ரில், அதாவது எழுதிய ஸ்வரத்துக்கும் அதன் மேல் ஸ்வரத்துக்கும் இடையே விடாது வேகமாக ஆடுவது. அயர்லாந்து ஏடுகளில் அதே எழுத்துகளைக் கண்டால், பெரும்பாலும் ‘இங்கே ஓர் அணி வரும்’ என்று மட்டுமே பொருள் கொள்ள வேண்டும். நீண்ட ஸ்வரத்தின் மேலிருந்தால் அது ரோலாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

இதற்கு மிகப் பெரிய சான்று 1903-ல் சிகாகோவில் வெளிவந்த, 1,850 மெட்டுகள் அடங்கிய தொகுப்பு. அதைத் தொகுத்த பிரான்சிஸ் ஓநீல் அயர்லாந்தின் கார்க் மாவட்டத்தில் பிறந்து, சிகாகோ நகரக் காவல்துறையின் தலைவராக உயர்ந்தவர். குழல் வாசித்தார், நூற்றுக்கணக்கான மெட்டுகளை நினைவில் வைத்திருந்தார், அவற்றை ஏட்டில் இறக்கும் பணியை, அதே துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஓநீல் என்ற வயலின் கலைஞரிடம் ஒப்படைத்தார். ஒருவர் வாசிக்க, மற்றவர் தமக்குப் பழக்கமான அடையாளங்களால் எழுதியவை அவை. அந்தத் தொகுப்பில் நீங்கள் காணும் ‘டிஆர்’ அப்படி வந்தது. அந்த அடையாளத்தைத் தேர்வு அறையில் வாசிப்பதுபோல் வாசித்தால், ஆசிரியரிடம் கற்ற திறமை இருந்தும் மெட்டு அந்நியமாகவே ஒலிக்கும்.

டர்ன் அடையாளம் இன்னும் நுட்பமானது. ஸ்வரத்துக்குப் பின் இடப்பட்ட டர்ன் ஜி-யில் வந்தால், ஜி, ஏ, ஜி, எஃப் ஷார்ப், ஜி என்று நீங்கள் வாசிப்பீர்கள். நீள் ரோலின் வரிசையும் எழுத்துக்கு எழுத்து அதுவே. ஆனால் டர்னில் மேல் ஸ்வரமும் கீழ் ஸ்வரமும் தம் பெயர் தெரியும்படி ஒலிக்கின்றன. ரோலில் அவை தாளத்தின் மேல் விழும் தட்டுகளாகச் சுருங்கிவிடுகின்றன. வயலினில் இதை ஒரே வில்லோட்டத்தில், விரல்களால் மட்டும் செய்ய வேண்டும். மேல் விரலைத் தந்தியில் முழுதாக அழுத்தாமல் பட்டும் படாமலும் தொட்டு எடுங்கள். கீழ் ஸ்வரத்துக்கு, ஊன்றியிருக்கும் விரலை ஒரு கணம் தூக்கி மீண்டும் போடுங்கள். இவ்வளவு காலம் ஒவ்வொரு ஸ்வரமும் தெளிவாக ஒலிக்க வேண்டும் என்று பழகிய விரலுக்கு, ஒரு ஸ்வரத்தை வேண்டுமென்றே தெளிவில்லாமல் தொடுவது சற்றுக் கூசும். அந்தக் கூச்சத்தைக் கடப்பதுதான் உங்களைப் போன்றவர்களுக்கு உண்மையான பயிற்சி.

வயலினுக்கே உரிய இன்னொன்று ‘ட்ரெபிள்’. ஒரே ஸ்வரத்தை வில்லை மிகச் சிறிய அளவில் முன்பின் அசைத்து மூன்று முறை உரசுவது அது. இரண்டு செமிகுவேவரும் (அரைக் குவேவர்கள்) ஒரு குவேவருமாக எழுதியிருப்பார்கள், அல்லது மேலே 3 என்று போட்டு மும்மையாக எழுதியிருப்பார்கள். அந்த 3-ஐக் கணக்காகப் பிரித்துச் சமமாக வாசிக்க வேண்டாம். வில் நறுக்கென்று தந்தியைக் கடிக்கும் ஒலியே அங்கே வேண்டியது.

கேள்வி: இணையத்தில் கிடைக்கும் ஏபிசி குறிமுறையில் நெளிகோடு, நெளிவு அடைப்புக்குறி, பெரிய எம், பி, டி ஆகிய எழுத்துகள் ஸ்வரங்களுக்கு முன் வருகின்றன. இவற்றின் பொருள் என்ன?
— ஒரு வாசகி, ஈரோடு

பதில்: ஏபிசி என்பது ஸ்வரங்களைச் சாதாரண எழுத்துகளாகவே தட்டச்சு செய்யும் முறை. கிறிஸ் வால்ஷா என்பவர் உருவாக்கியது. 2011-ல் வெளிவந்த அதன் 2.1-ஆம் பதிப்பு அடையாளங்களைத் திட்டமாக வரையறுத்திருக்கிறது. நெளிகோடு அதில் நேரடியாகவே ‘ஐரிஷ் ரோல்’ என்று குறிப்பிடப்பட்டுள்ளது. நெளிகோட்டை அடுத்து ஜி, அதை அடுத்து 3 என்று இருந்தால் அது நீள் ரோல். 2 என்றிருந்தால், அல்லது கோப்பின் தொடக்கத்தில் குறித்த அலகு நீளம் கால் ஸ்வரமாக (இரண்டு குவேவர்) இருந்து எண்ணே இல்லாவிட்டால், குறு ரோல். நெளிவு அடைப்புக்குறிக்குள் இருக்கும் எழுத்து சிறு ஸ்வரம். நீங்கள் அதைக் கட் என்று படித்தால் பத்தில் ஒன்பது இடங்களில் சரியாக இருக்கும் என்பது என் அனுபவம். பெரிய டி ட்ரில். எம் கீழ் மார்டென்ட், அதாவது கீழ் ஸ்வரத்தை ஒருமுறை தொட்டுத் திரும்புவது. பி மேல் மார்டென்ட், அதேபோல் மேல் ஸ்வரத்தைத் தொட்டுத் திரும்புவது. சிறிய யு வில்லை மேல்நோக்கித் தள்ளுவது, வி கீழ்நோக்கி இழுப்பது. இவை வயலினுக்கு மட்டும் உரியவை.

ஒன்றில் மட்டும் கவனம் தேவை. ஏபிசி கோப்பைக் கணினி நிரலில் இட்டு, அது ஒலிப்பதைக் கேட்டு ரோலைப் பழக வேண்டாம். பல நிரல்கள் நெளிகோட்டைப் பொருட்படுத்துவதே இல்லை. பொருட்படுத்துபவையும் விரலின் தட்டைத் தருவதில்லை, ஸ்வரங்களையே தருகின்றன.

கேள்வி: விசிலின் அடி ஸ்வரமான டி-யின் மேலும் நெளிகோடு இருக்கிறது. எல்லாத் துளைகளும் மூடியிருக்கும்போது டாப் எங்கே தட்டுவது?
— ஒரு வாசகர், சேலம்

பதில்: தட்ட முடியாது, கேள்வியிலேயே விடை இருக்கிறது. டி-யில் கீழே திறந்த துளை இல்லாததால், அங்கே கட்டுகளை மட்டுமே கொண்டு ஸ்வரத்தைத் துண்டாக்குகிறார்கள். ஒன்றன்பின் ஒன்றாக வெவ்வேறு விரல்களைத் துள்ள விடுவதால் வரும் இந்த அணிக்குக் ‘கிரான்’ என்று பெயர். ஈ-யிலும் இதை வாசிப்பவர்கள் உண்டு. இல்லன் பைப்ஸில் தாழ்ந்த டி-யின் மேல் விழும் கிரான், கொதிக்கும் நீரில் குமிழிகள் வெடிப்பதுபோல் கேட்கும்; அந்தக் கருவியின் அழகுகளில் எனக்கு மிகவும் பிடித்தது அதுவே. பல ஏடுகள் கிரானுக்குத் தனி அடையாளம் தருவதில்லை, ரோலின் நெளிகோட்டையே போட்டுவிடுகின்றன. எனவே டி-யின் மேல் நெளிகோடு கண்டால் கிரான் என்று கொள்ளுங்கள். வயலின்காரர் அதே டி-யில் திறந்த தந்தியின் மேல் ட்ரெபிள் வாசிப்பார். அதே அடையாளம் கருவிக்குக் கருவி வேறு அசைவாக மாறுவதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைக்காது.

கேள்வி: இவற்றை நம் கமகங்களோடு ஒப்பிடலாமா?
— ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: எழுதும் சிக்கலில் ஒப்பிடலாம், ஒலியில் ஒப்பிடுவதற்கு வரம்பு உண்டு. ஓநீலின் தொகுப்பு வெளிவந்ததற்கு அடுத்த ஆண்டு, 1904-ல், எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதரின் சங்கீத சம்பிரதாய பிரதர்சினி அச்சானது. காதுவழி வந்த இசையின் அசைவுகளை ஏட்டில் நிறுத்த, அவர் ஒவ்வொரு கமகத்துக்கும் தனித்தனி அடையாளம் வகுத்தார். அதில் கம்பிதத்துக்கு உரிய அடையாளம் நெளிகோடே. ஆனால் கம்பிதத்தில் ஸ்வரமே அசைகிறது. ரோலில் ஸ்வரம் நின்ற இடத்தில் நிற்க, தட்டுகள்தாம் அதன் மேல் விழுகின்றன. உங்களுக்கு நெருக்கமான உவமை வேண்டுமானால், ஜண்டை வரிசையில் ‘ஸஸ ரிரி’ என்று வரும்போது, இரண்டாவது ஸ்வரத்தைக் கீழ் ஸ்வரத்தைத் தொட்டு அழுத்தி எடுக்கிறோமே, அந்த ஸ்புரிதத்தைச் சொல்வேன். டாப்பின் வேலையும் ஏறத்தாழ அதுவே.

கேள்வி: அடையாளமே இல்லாத ஏட்டில் எங்கே ரோல் வைப்பது, எங்கே கட் வைப்பது என்று யார் சொல்வார்கள்? பென்சிலால் நானே குறித்துக்கொள்ளலாமா?
— ஒரு வாசகர், மதுரை

பதில்: குறித்துக்கொள்ளலாம். ஆனால் முதலில் கேளுங்கள். ஒருவரை மட்டும் கேட்காதீர்கள். ஸ்லைகோ மாவட்டத்தில் 1891-ல் பிறந்து நியூயார்க்கில் வாழ்ந்த மைக்கேல் கோல்மன் 1920-களிலும் 30-களிலும் பதிவு செய்த இசைத்தட்டுகள் அட்லாண்டிக்கைக் கடந்து அயர்லாந்துக்கே திரும்பின. விரல் ரோல்கள் நிறைந்த அவருடைய வயலின் வாசிப்பைக் கேட்டு ஒரு தலைமுறையே பழகியது. டொனகாலின் வயலின் கலைஞர்களோ ரோலைக் குறைத்து, வில்லின் ட்ரெபிளை நம்புகிறார்கள். கார்க், கெரி மாவட்டங்களின் எல்லையில் உள்ள ஷ்லீவ் லூக்ரா பகுதியில் போட்ரிக் ஓகீஃப் தம் மாணவர்களுக்கு ஐந்து கோட்டுக் குறிப்பையே தரவில்லை. வயலினின் நான்கு தந்திகளுக்கு நான்கு இடைவெளிகள் வரைந்து, எந்த விரலை வைக்க வேண்டும் என்பதை எண்ணாக எழுதிக் கொடுத்தார். ஸ்வரத்தின் பெயரைவிட விரலின் இடம் முக்கியம் என்று கருதிய அந்த ஆசிரியரின் தாள்களைக் கண்டபோது, இந்த இசையின் அடையாளங்களை நான் படிக்கும் விதமே மாறியது.

டப்ளினில் 1987-ல் தொடங்கப்பட்ட அயர்லாந்து மரபு இசை ஆவணக் காப்பகம், பழைய ஒலிப்பதிவுகள் பலவற்றையும் அச்சு ஏடுகளையும் இணையத்தில் கட்டணமின்றித் தருகிறது. ஒரு மெட்டின் இரண்டு மூன்று பதிவுகளை அங்கே தேடி எடுத்து, ஏட்டைக் கையில் வைத்துக்கொண்டு, நீண்ட ஸ்வரங்களில் என்ன நடக்கிறது என்று மட்டும் கவனியுங்கள். ஒரே கலைஞர் ஒரே பதிவில் முதல் சுற்றில் ரோல் வாசித்த இடத்தில், இரண்டாம் சுற்றில் ஸ்வரத்தை வெறுமனே நீட்டியிருப்பார். மூன்றாம் சுற்றில் அதை மூன்று வெவ்வேறு ஸ்வரங்களாக உடைத்திருப்பார். ஏட்டில் இருப்பது அவற்றுள் ஒரு சுற்றின் படம்.

எனவே பென்சிலை மெல்லிதாகப் பிடியுங்கள். ஜிக்கில் மூன்று குவேவர் நீளமுள்ள ஸ்வரங்களை முதலில் அடையாளம் காணுங்கள். ரோலுக்கு இடம் அவைதாம். ஒரே ஸ்வரம் அடுத்தடுத்து இரண்டு முறை வந்தால், இரண்டாவதன் முன் ஒரு கட். கோவை வாசகியின் ‘த கெஷ்’ஷையே எடுத்துக்கொண்டால், முதல் பட்டை நீண்ட ஜி-யிலும் இரண்டாம் பட்டை நீண்ட ஏ-யிலும் தொடங்குகின்றன. முதல் சுற்றில் ஜி-யில் ரோல் வைத்து ஏ-யை வெறுமனே விடுங்கள். அடுத்த சுற்றில் ஜி-யை நீட்டிவிட்டு ஏ-யில் வையுங்கள். அதற்கு இடக்கை மோதிர விரல் தட்ட வேண்டும். ஜி-யில் கட் செய்த அதே விரல், இப்போது டாப் செய்கிறது.